அரியலூர்த் திண்ணையும் பெரம்பலூர்ப் பள்ளியும்

யாத்திரை போகிறவர்களில் பாவத்தைத் தொலைக்கப் போகிறவர்களும் உண்டு. புண்ணியத்தைச் சம்பாதிக்கப் போகிறவர்களும் உண்டு. நாம் அரியலூருக்குப் புறப்பட்டது முதல் ரகத்தைச் சேர்ந்த யாத்திரை. ஆகவே, நாம் செய்த பாவம் இன்னதென்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவதுதான் முறை.

நமது வீட்டில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருவன் இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவனை உட்கார வைத்து, ஏழாம் வாய்ப்பாட்டைப் புத்தகத்தைப் பார்த்தபடியே முப்பது தடவை வாசிக்கச் செய்தோம். பிறகு புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டபோது தங்குதடையின்றி ஒப்பித்தான். நமக்கு உண்டான பெருமைக்கு அளவே இல்லை. வியாழக்கிழமை இரவு சாப்பாட்டு வேளையில், விருந்தாளி ஒருவர் முன்னிலையில், "ஏழெட்டு எவ்வளவு, சொல்லு பார்க்கலாம்!" என்று கேட்டோம். பிள்ளை விட்டத்தை அண்ணாந்து பார்த்தான். இலையிலிருந்த ரசத்தைப் பார்த்தான். கடைசியில் தன் தாயாரைப் பார்த்தான். விட்டத்திலோ ரசத்திலோ விடை எழுதியிருக்கவில்லை. நமக்குக் கோபம் வந்தது; கையை ஓங்கிவிட்டோம். அடி விழவில்லை. ஆனால், விழுந்திருந்தால் எவ்வளவு அழுவானோ அவ்வளவும் அழுது தீர்த்தான். அதற்குப் பிறகு வாய்ப்பாட்டுப் புத்தகத்தைக் கண்டாலே அவனுக்கு வயிற்று வலி வர ஆரம்பித்தது.

இந்த விருத்தாந்தத்தை, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு எழுதினோம். அவர் பெரம்பலூர்க்காரர். "வயிற்று வலிக்கு வைத்தியரைத் தேடுகிறீர்கள்; மறதிக்கு மட்டும் நீங்களே வைத்தியம் செய்யலாமா? மனிதன் எப்படிக் கற்கிறான், எப்படி மறக்கிறான் என்பதற்கும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. இரண்டு நாள் எங்கள் பக்கம் வந்து போங்கள்" என்று அவரிடமிருந்து பதில் வந்தது. மறுவாரமே ரயில் ஏறினோம்.

விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் ரயில் பாதையில் அரியலூர் இருக்கிறது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் முதலில் நம்மை வரவேற்றது சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளின் புழுதிதான். இந்த ஊரைச் சுற்றிலும் பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல் கிடைப்பதால் சிமெண்டு ஆலைகள் பல இங்கே வந்திருக்கின்றன. அரியலூரும் பெரம்பலூரும் பழைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்தவை. 1995-ஆம் வருஷம் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து அரியலூர் 2001-ல் பிரிந்து, 2002-ல் மறுபடியும் சேர்ந்து, 2007-ல் மீண்டும் பிரிந்தது. பாகப் பிரிவினை செய்துகொண்டு, மனம் கேளாமல் மறுபடி ஒரே அடுப்பில் சமைத்து, பின்னர் மீண்டும் பிரிந்த அண்ணன் தம்பிகளைப் போல இருக்கிறது இவற்றின் சரித்திரம்.

நண்பர் நம்மை முதலில் கோதண்டராமசுவாமி கோயிலுக்கு அழைத்துச் சென்றார். தரிசனம் முடிந்து வெளியே வந்தபோது, "இங்கே ஸ்ரீராமபிரான் கையில் இருக்கும் கோதண்டம் வேறு, நம் பாட்டனார் காலத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்த கோதண்டம் வேறு. தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றோம். பாடம் சொல்லாத பையனின் கைகளைக் கயிற்றினால் கட்டி, உத்தரத்திலிருந்து தொங்கவிடும் தண்டனைக்குக் கோதண்டம் என்று பெயராம். ராவணனுக்கு என்று வைத்திருந்த ஆயுதத்தின் பெயரை ஏழு வயதுப் பையனுக்குச் செய்யும் தண்டனைக்குச் சூட்டிய உபாத்தியாயரின் ரசிகத்தன்மையை என்னவென்று சொல்வது!

"கோதண்டம் இருக்கட்டும். இதே அரியலூரில் ஒரு பையன் கோதண்டம் இல்லாமலே தமிழ் படித்தான். அந்தக் கதைதான் உங்களுக்கு வேண்டும்" என்றார் நண்பர்.

அந்தப் பையன், பின்னாளில் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் என்று உலகம் போற்றியவர்தாம். 1855-ல் பிறந்த அவருடைய தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். ஜீவனத்தின் பொருட்டு அந்தக் குடும்பம் ஊர் ஊராகச் சென்று தங்க வேண்டியிருந்தது. அரியலூரும், இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு தாலுகாவின் தலைநகராக இருக்கும் குன்னமும் அப்படி அவர்கள் தங்கிய ஊர்கள். 1940 முதல் 1942 வரையில் 'என் சரித்திரம்' என்ற பெயரில் தமது வாழ்க்கையை அவர் ஆனந்த விகடனில் எழுதிவந்தார். அதைப் படித்தவர்களுக்கு இந்தப் பிரதேசத்து ஊர்ப் பெயர்கள் சொந்த ஊரைப் போலவே பழகியிருக்கும்.

அரியலூரில் அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் சடகோபையங்கார். செய்யுளை மனத்தில் ஏற்றிவிட்டால் போதும் என்று நினைக்காமல், அதிலுள்ள சுவையை எடுத்துக் காட்டிய ஆசிரியர் அவர். தமக்குத் தமிழின் ருசியை முதன் முதலில் காட்டியவர் அவரே என்று ஐயரவர்கள் நன்றியோடு குறிப்பிடுகிறார். சிறு பையனாக இருந்தபோது கற்ற எத்தனையோ பாடங்கள் மறந்துபோயிருக்கக்கூடும். ருசி மட்டும் எண்பது வயதுக்கு மேலும் மறக்கவில்லை!

"அக்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள்" என்று நண்பர் ஆரம்பித்தார். "ஒரு கட்சியார், 'அங்கே எல்லாம் கிளிப்பிள்ளைப் பாடம்' என்று தள்ளிவிடுகிறார்கள். இன்னொரு கட்சியார், 'ஆகா, அந்தக் காலத்துப் படிப்புப் போல வருமா!' என்று கொண்டாடுகிறார்கள். இரண்டு கட்சிக்கும் பாதி நியாயம் உண்டு."

அவர் சொன்ன விவரங்களைச் சுருக்கமாகத் தருகிறோம். பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதினார்கள். பிறகு ஓலையில் எழுத்தாணியால் எழுதினார்கள். எண்சுவடியைக் கூட்டாகச் சொல்லிச் சொல்லி நினைவில் ஏற்றினார்கள். பழைய பாடத்தை ஒப்பித்த பிறகே புதிய பாடம் கிடைத்தது. மூத்த பையன் சட்டாம்பிள்ளையாக இருந்து சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். சென்னை எழும்பூரில் 1789 முதல் அநாதைச் சிறுவர் விடுதி ஒன்றை நிர்வகித்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, அதைத் தமது பள்ளியிலும் கையாண்டார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லச் செய்தார். 1797-ல் இதைப் பற்றி லண்டனில் அவர் வெளியிட்ட புத்தகத்திற்குப் பிறகு இங்கிலாந்திலே 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பரவிற்று. நம்மிடமிருந்து மிளகும் துணியும் மட்டுமே கப்பலேறின என்று நினைத்திருந்த நமக்கு, சட்டாம்பிள்ளையும் கப்பலேறிய சேதி புதிதாகவும் பெருமையாகவும் இருந்தது.

ஆனால், பெருமைப்படுவதோடு நின்றுவிடுவதற்கில்லை. அக்காலச் சென்னை ராஜதானியைச் சேர்ந்த பல்லாரி ஜில்லாவில் கலெக்டராக இருந்த காம்பெல் துரை 1823-ல் எழுதிய அறிக்கையில், இந்தச் சட்டாம்பிள்ளை முறையையும் சிக்கனத்தையும் மெச்சிவிட்டு, மற்றொன்றையும் சேர்த்திருக்கிறார். பையன்கள் ஏராளமான செய்யுட்களை ஒப்பிக்கிறார்கள். அவற்றின் பொருளைப் பற்றி அவர்களுக்குக் கிளிக்குத் தெரிந்ததற்கு மேல் ஒன்றும் தெரியாது என்பது அவர் கண்டது. காலையில் முதலில் வந்த பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர். இரண்டாவதாக வந்தவனுக்குப் பூஜ்யம். மூன்றாவது பையனுக்கு லேசாக ஒரு பிரம்படி, நான்காமவனுக்கு இரண்டு என்று வரிசைப்படி ஏறிக்கொண்டே போகும் வழக்கத்தையும் அவர் வர்ணித்திருக்கிறார். பெண் குழந்தைகளில் பெரும்பாலோருக்கும், ஒதுக்கி வைக்கப்பட்ட ஜாதிகளின் பிள்ளைகளுக்கும் அந்தப் பிரம்படி கிடைக்கவில்லை. ஏனென்றால், அவர்களைத் திண்ணையில் ஏறவே விடவில்லை.

மறுநாள் காலை குன்னம் வழியாகப் பெரம்பலூருக்குப் பஸ்ஸில் புறப்பட்டோம். இருபுறமும் கரிசல் பூமி. பருத்தியும் மக்காச்சோளமும் கண்ணுக்கெட்டிய வரையில் நின்றன. குன்னத்தில் இறங்கிக் காப்பி சாப்பிட்டோம். சாமிநாதையர் குடும்பத்தோடு கால்நடையாகவும் வண்டியிலும் சுற்றிய பாதைகள் இவை. ஓர் ஊரில் ஒருவரிடம் தெரிந்ததைக் கற்றுக்கொண்டபின், அதற்கு மேல் சொல்லக்கூடியவரைத் தேடி அடுத்த ஊர் செல்வது. பெரம்பலூருக்கு அருகிலுள்ள செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை கேட்பது. முடிவில் 1871-ல் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்வது. இப்படி நடந்தது அவருடைய கல்வி.

"கவனித்தீர்களா? ஒவ்வோர் ஆசிரியரும் அந்தப் பையன் நின்ற இடத்திலிருந்து அடுத்த படிக்குத்தான் அவனை அழைத்துச் சென்றார். கையில் காரிகை இல்லாதவனுக்கு யாரும் காப்பியம் எழுதச் சொல்லிக் கொடுக்கவில்லை" என்றார் நண்பர்.

பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மறதியின் சாஸ்திரத்தையும் அவர் நமக்கு உபதேசித்தார். ஜெர்மனியில் ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் என்ற அறிஞர், அர்த்தமில்லாத சிறு சிறு ஓசைகளைத் தாமே நெட்டுருச் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று வருஷக்கணக்காகத் தம்மையே சோதித்துப் பார்த்தார். 1885-ல் முடிவுகளை வெளியிட்டார். கற்றவுடனேதான் மறதி மிக வேகமாக வேலை செய்கிறது. நாளாக ஆக அதன் வேகம் குறைகிறது. மற்றொரு முடிவு நமது நெஞ்சில் தைத்தது. ஒரே மூச்சில் 68 தடவை உருப்போட்டதனால் கிடைத்த பயனை, மூன்று நாட்களில் பகிர்ந்து செய்த 38 தடவைகளே ஏறக்குறையக் கொடுத்துவிட்டன!

ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரே மூச்சில் முப்பது தடவை வாசிக்கச் செய்தவர் யார் என்று நேயர்களுக்கு நாம் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

பெரம்பலூருக்குப் போகும் வழியில் ஒரு கிராமத்து அரசாங்க ஆரம்பப் பள்ளியில் இறங்கினோம். அது ஓட்டுக் கட்டிடம். முன்னால் வேப்பமரம் நின்றது. குழந்தைகள் காலைச் சிற்றுண்டி முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். 1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு வந்தது. 2022-ல் காலை உணவும் வந்தது. பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது என்பதற்கு எந்த ஜெர்மானியரின் சாட்சியும் வேண்டியதில்லை.

உள்ளே ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் இருந்தார்கள். ஆனால் வகுப்பு வாரியாக உட்காரவில்லை. மூன்று பாய்களில் மூன்று கூட்டமாக இருந்தார்கள். முதல் பாய்க்கு அரும்பு, இரண்டாவதற்கு மொட்டு, மூன்றாவதற்கு மலர் என்று பெயர். 2022-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் ஆரம்பித்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் ஏற்பாடு இது. பிள்ளைக்கு எத்தனை வயது என்பதை விட, அவன் எதுவரை அறிந்திருக்கிறான் என்பதே இங்கே முக்கியம். இதற்கு முன்னோடியும் உண்டு. ஆந்திர தேசத்து ரிஷிவேலியில் கிராமப் பிள்ளைகளுக்காக உருவான அட்டை முறையைப் பார்த்து, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கிற்று. 2007-08-ல் அது மாநிலமெங்கும் பரவிற்று. அட்டைகளை அடுக்கி வைக்கவே நேரம் போதவில்லை என்று குறைப்பட்டுக்கொண்ட ஆசிரியர்களும் உண்டு. எந்த நல்ல யோசனையும் நாற்பது பிள்ளைகளின் நடுவே வந்து நிற்கும்போதுதான் அதன் கஷ்டம் தெரிகிறது.

ஆசிரியை பாடத்தைத் தொடங்கிய விதம் நமக்கு விநோதமாக இருந்தது. புத்தகத்தைத் திறக்கச் சொல்லவில்லை, மூடச் சொன்னார். "நேற்றுக் கதையில் காக்காய் என்ன செய்தது? போன வாரக் கதையில் யானை எங்கே போயிற்று?" என்று கேட்டார். பிள்ளைகள் முகத்தைச் சுளித்து யோசித்தார்கள். ஒருத்தி பாதி சொன்னாள். மற்றொருத்தி மீதியைச் சொன்னாள். தப்பாகச் சொன்ன பையனை யாரும் சிரிக்கவில்லை. "கொஞ்சம் யோசி, கண்ணு" என்றார் ஆசிரியை. அவன் யோசித்துத் தானே திருத்திக்கொண்டான். அதன் பிறகுதான் புதுப் பாடம்.

"இது ஒன்றும் விளையாட்டல்ல" என்று நண்பர் நம் காதோடு சொன்னார். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்துச் சர்வகலாசாலையில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு மனோதத்துவ அறிஞர்கள் 2006-ல் ஒரு பரீட்சையின் முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு சாரார் ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்தார்கள். மற்றொரு சாரார் ஒரு முறை வாசித்துவிட்டு, புத்தகத்தைப் பாராமல் நினைவிலிருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது, இரண்டு முறை வாசித்தவர்களே ஜயித்தார்கள்: நூற்றுக்கு 81, மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழாயிற்று. வாசித்தவர்களிடம் எஞ்சியது 42. எடுத்துச் சொல்லிப் பார்த்தவர்களிடம் 56. பார்த்துப் பார்த்துப் படிப்பது அன்றைக்குப் பெருமை தருகிறது. பாராமல் சொல்லிப் பார்ப்பதுதான் அடுத்த வாரம் கை கொடுக்கிறது. பழைய திண்ணையில் நாள்தோறும் பாடம் ஒப்பிக்கச் சொன்ன பெரியவர்கள் இந்த ரகசியத்தில் ஒரு பாதியை அறிந்திருந்தார்கள்.

மறு பாதி என்ன என்பதை ஒரு சிறுவன் நமக்குக் காட்டினான். அவன் இரண்டாம் வகுப்பு. சமீபத்தில் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தவன். அவனைப் படிக்கச் சொன்னார் ஆசிரியை. புத்தகத்தை விரித்து, விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டு, கணீரென்று ஒரு பக்கம் முழுவதையும் படித்தான். ஓர் எழுத்துப் பிசகவில்லை. "பலே!" என்று சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் ஆசிரியை, "இந்தப் பக்கத்தில் 'மரம்' எங்கே இருக்கிறது? தொட்டுக் காட்டு, ராஜா" என்றார். பையனின் விரல் நின்றது. மேலே போயிற்று, கீழே வந்தது, கடைசியில் 'வீடு' என்ற வார்த்தையின் மேல் உட்கார்ந்தது. கண்ணில் நீர் துளித்தது. அவன் கை தானாகவே முதுகுப் பக்கம் போய் மறைந்துகொண்டது. எங்கேயோ, எப்போதோ அந்தக் கைக்குக் கிடைத்த அனுபவம் அது.

ஆசிரியை பார்க்காதவர் போல இருந்தார். ம, ர, ம் என்று மூன்று எழுத்தட்டைகளை அவன் முன்னால் வைத்தார். மலர்ப் பாயிலிருந்து ஒரு சிறுமியைத் துணைக்கு அழைத்தார். பிரம்பில்லாத சட்டாம்பிள்ளை! இருவரும் அட்டைகளைத் தள்ளித் தள்ளிச் சேர்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தைச் சிறுமி காட்டினாள். சிறிது நேரத்தில், "ம... ர... ம்... மரம்!" என்ற கூச்சல் கேட்டது. முழுப் பக்கத்தை ஒப்பித்தபோது அந்த முகத்தில் இல்லாத ஒளி, மூன்றே எழுத்தைப் படித்தபோது வந்தது.

"இரண்டாம் வகுப்புப் பையனை அரும்புப் பாயில் உட்கார வைத்தால் அவனுக்கு வெட்கமாக இராதா, அம்மா?" என்று கேட்டோம்.

"மாடிக்குப் போகிறவன் முதல் படியில் கால் வைப்பது வெட்கமா, சார்? இவன் அம்மாவும் அப்படித்தான் கேட்டார்கள். 'நல்லாத்தானே படிக்கிறான், ஏன் கீழே இறக்கினீங்க?' என்று சண்டைக்கே வந்தார்கள். ஒரு மாதம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்" என்றார் அவர். பிறகு சற்றுத் தாழ்ந்த குரலில், "மூன்று பாய்க்கும் நான் ஒருத்திதான். ஒரு பாய்க்குப் போகும்போது மற்ற இரண்டும் காத்திருக்கின்றன. அதுதான் கஷ்டம்" என்றும் சொன்னார்.

பள்ளிக்கூட வாசலில் பேத்தியை விட வந்த பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நம்மைக் கண்டதும், "பாட்டும் பொம்மையுமா இருக்குதுங்க. எங்க காலத்துல தோலை உரிச்சாங்க, நாங்க படிச்சோம். இப்போ பிரம்பு எடுத்தா வாத்தியாருக்கே ஆபத்தாம்" என்றார். 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்திருப்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

நண்பர் மறுத்துப் பேசவில்லை. அவர் அருகில் உட்கார்ந்து, "ஐயா, உங்களோடு ஒன்றாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"நாப்பது பேரு இருப்போம்."

"பத்தாவது வரையில் வந்தவர்கள்?"

பெரியவர் விரலை மடக்கினார். மூன்றாவது விரலோடு நின்றுவிட்டது. வெகுநேரம் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். கணக்குல புலி. வாய்தான் திக்கும். பாடம் சொல்லத் திக்கினா வாத்தியார் அடிப்பாரு. ஒரு நாள் பின்பக்கத்துச் சுவரேறிக் குதிச்சுப் போனான். அப்புறம் வரவே இல்லை. சாகிற வரைக்கும் மாடுதான் மேய்ச்சான்" என்றார்.

அதன் பிறகு பிரம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. அடிபட்டும் படித்தவர்கள், அடிதான் தங்களைப் படிக்க வைத்தது என்று சொல்ல மிஞ்சியிருக்கிறார்கள். சுவரேறிக் குதித்தவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை. ஏழு வயதிலே பயம் பிடித்த மனம் பாடத்தைக் கவனிப்பதில்லை, பிரம்பையே கவனிக்கிறது.

கொரோனா நோயினால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தைப் பற்றி நண்பர் சொன்னதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' இயக்கத்தில் சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் மாலை வேளையில் தெருத் திண்ணைகளிலும் கோயில் மண்டபங்களிலும் பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்த பொருளாதார அறிஞர்கள், இழந்த படிப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்திற்குள் மீண்டுவிட்டது என்றும், அதில் கிட்டத்தட்டக் கால் பங்கு இந்த மாலை வகுப்புக்களால் வந்தது என்றும் 2022-ல் கண்டார்கள். முன்பு சிலரை மட்டும் ஏற்றிய திண்ணை, இம்முறை எல்லாரையும் ஏற்றிக்கொண்டது.

பெரம்பலூரில் இரவு தங்கி, மறுநாள் சாத்தனூர் கல்மரத்தைப் பார்க்கப் போனோம். பதினெட்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு மரம் கல்லாகச் சமைந்து ஓடையில் கிடக்கிறது. வயது சுமார் பன்னிரண்டு கோடி வருஷம் என்கிறார்கள். 1940-ல் பூதத்துவ அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் இதை உலகுக்கு அறிவித்தார். அந்த யுகத்தில் இந்தப் பக்கமெல்லாம் கடல்! அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் அந்தக் கடலின் மிச்சம்தான்.

வெளியூர்ப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் சிலர் அங்கே வந்திருந்தார்கள். அவர்களோடு வந்த ஆசிரியர் உடனே பிரசங்கம் செய்யவில்லை. "இது கல்லா, மரமா? நீங்களே சொல்லுங்கள்" என்றார். இரண்டு கட்சி உண்டாயிற்று. ஒருவன் தட்டிப் பார்த்து, "கல் சத்தம்தான்" என்றான். ஒருத்தி, "எங்கள் கொல்லையில் புளியமரம் வெட்டினபோது இதே மாதிரி வரி இருந்தது, மரம்தான்" என்றாள். விவாதம் முற்றிய பிறகே ஆசிரியர் விளக்கம் சொன்னார். அப்போது பிள்ளைகளின் காதுகள் முயல் காதுகளாக இருந்தன! கற்பிக்கிறவன் முதலில் அறிய வேண்டியது, பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதைத்தான் என்று ஆசுபெல் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் 1968-ல் எழுதினாராம். கொல்லைப்புறப் புளியமரத்தின் வழியாகப் பன்னிரண்டு கோடி வருஷத்துக்கு அப்பால் போய் வந்த அந்தச் சிறுமிக்கு ஆசுபெல்லின் பெயர் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவளுடைய ஆசிரியருக்கு விஷயம் தெரிந்திருந்ததே, அது போதும்.

திரும்பும் ரயிலில் நாம் செய்த தீர்மானங்கள் நான்கு. மனப்பாடம் பாவமல்ல, பொருள் தெரியாத மனப்பாடமே பாவம். ஒரே நாளில் முப்பது தடவை வேண்டாம். நாளைக்கு ஒரு தடவை, நாலு நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை போதும். புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதைக் காட்டிலும், அதை மூடிவிட்டுச் சொல்லிப் பார்ப்பது மேல். பிள்ளை தடுமாறினால், அவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று பார்த்து அங்கே நாமும் இறங்கிப் போய் நிற்க வேண்டும். இவற்றுக்குப் பணம் வேண்டாம், டியூஷன் வேண்டாம். கொஞ்சம் பொறுமைதான் வேண்டும். அதுதான் நமது வீடுகளில் கிடைப்பதற்கு அரிய பொருளாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் புளியங்கொட்டைகளை ஏழு ஏழாகப் பரப்பி, ஏழாம் வாய்ப்பாட்டில் மூன்று வரிகளை மட்டும் பையனையே கண்டுபிடிக்கச் சொன்னோம். முதல் இரண்டு நாள் சந்தேகத்தோடுதான் பக்கத்தில் வந்தான். நமது வலது கையின் மீதே ஒரு கண் வைத்திருந்தான். நாலாம் நாள் அதை மறந்துவிட்டான். இரண்டு வாரம் சென்றபின், மறுபடியும் சாப்பாட்டு வேளையில், விருந்தாளி யாரும் இல்லாத சமயமாகப் பார்த்து, "ஏழெட்டு?" என்று மெதுவாகக் கேட்டோம்.

"ஐம்பத்தாறு" என்றான், அப்பளத்திலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு நிமிர்ந்து, "நீங்கள் சொல்லுங்கள் அப்பா, பதினேழெட்டு?" என்று கேட்டான்.

நாம் விட்டத்தை அண்ணாந்து பார்த்தோம். ரசத்தைப் பார்த்தோம்.

"பரவாயில்லை அப்பா, யோசித்து வையுங்கள். நாளைக்குக் கேட்கிறேன்" என்றான் பையன்.